நடுங்கும் கரங்களுக்கு நம்பிக்கை தந்தவர்: டாக்டர் பா. இராமமூர்த்தி

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே அவற்றுள் முதலாவதாக வைத்தார். மருத்துவனும் மருந்தும் அருகிருந்து பணிபுரிவோனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று என்றே நாம் கொள்ளுகிறோம். நோயாளி வெறும் உடல் அல்லன். தன் துன்பத்தைத் தானே அறிந்தவன். அதைச் சொல்லும் நாவுடையவன். அவன் சொல்லைக் கேளாத மருத்துவம் பாதி மருத்துவமே. இவ்வுண்மையை மூளை அறுவை அரங்கிலேயே நடைமுறையாக்கிய தமிழ் மருத்துவர்களுள் முன்னவர் டாக்டர் பா. இராமமூர்த்தி ஆவார். தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய பி. இராமமூர்த்தி வேறு; நாம் இங்கு நினைவுகூர்வது சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பறுவைத் துறையைத் தோற்றுவித்த மருத்துவ மேதையை.

அன்னாரின் வாழ்வை மொழித்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். விடை இக்கட்டுரையின் போக்கில் தானே விளங்கும்.

நடுக்குவாதம் என்னும் நோய்

நம் மீன்சுருட்டி வட்டாரத்தில் தறியிலும் வயலிலும் முந்திரித் தோப்பிலும் உழைத்து முதிர்ந்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று சொல்லி நாம் அமைதி கொள்கிறோம். தேநீர்க் குவளை தளும்புகிறது; சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகிறது; கையெழுத்து நாளுக்கு நாள் சிறுத்துப் பொடியாகிறது; குரல் தாழ்கிறது; முகத்தில் உணர்ச்சியின் அசைவு குறைகிறது. அம்முகத்தைக் கண்டு, தாத்தா கோபமாக இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் ஒதுங்குகின்றனர். தொழுகையில் அமர்ந்தவர் எழ முடியாமல் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பற்றுகிறார். நாளடைவில் அவர் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்கிறார். முதுமையின் இயல்பு என்று நாம் எண்ணியது, பெயரும் காரணமும் மருந்தும் உடைய ஒரு நோயாக இருத்தல் கூடும்.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயைத் தனித்து இனங்கண்டு ஒரு சிறு நூல் எழுதினார். அதனால் அது பார்க்கின்சன் நோய் எனப்பட்டது. நம் மரபு மருத்துவம் நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் இதனொத்த நோயைக் குறித்தது. மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறு பகுதியின் உயிரணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவ்வுயிரணுக்கள் படிப்படியாக அழியும்போது உடலசைவின் ஒழுங்கு குலைகிறது. நடுக்கம், விறைப்பு, மந்தம், நிலைதடுமாற்றம் ஆகிய நான்கும் தலைகாட்டுகின்றன. எனினும், நடுக்கம் யாவும் இந்நோயால் வருவன அல்ல. தைராய்டு மிகுதியாலும், சில மருந்துகளாலும், பரம்பரையாகவும் கை நடுங்கலாம். பிரித்தறிவது மருத்துவர் கடன். அவரிடம் அழைத்துச் செல்வது நம் கடன்.

பிறப்பும் கல்வியும்

மீன்சுருட்டியிலிருந்து காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வழியே சென்று கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி வந்துவிடும். அச்சீர்காழியில் 1922 ஜனவரி 30-ஆம் நாள் இராமமூர்த்தி பிறந்தார். அந்நாளில் அவ்வூர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் பாலசுப்பிரமணியன் அரசு மருத்துவராகப் பணிபுரிந்தவர். எனவே மருத்துவமனையும் நோயாளரும் அவருக்கு இளமையிலேயே பழகிய உலகமாயினர். பள்ளிக் கல்வி திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. நம் மீன்சுருட்டியும் அக்காலத்தில் திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊரே என்பதை நினைக்கும்போது ஒரு நெருக்கம் தோன்றுகிறது.

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பொது அறுவையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். தகுதியையும் அடைந்தார். இளம் வயதில் இத்தகுதிகளோடு ஊர் திரும்பியிருந்தால், வளமான பொது அறுவை மருத்துவராக அவர் வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் தேர்ந்தது இந்நாட்டில் அதுவரை வேரூன்றாத ஒரு துறையை. தலையைத் திறந்தால் உயிர் தங்காது என்னும் அச்சம் மக்களிடையே நிலவிய காலம் அது. மருத்துவர் பலரிடமும் அவ்வச்சம் இருந்தது.

கடல் கடந்த பயிற்சி

அறுவைக் கலை கையிலிருந்து கைக்குக் கைம்மாறி வருவது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் கொர்தோவாவில் வாழ்ந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி தம் பெருநூலின் இறுதிப் பகுதியில் அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்க்குப் பாடநூலாயிற்று. அறிவுக்குத் திசையும் எல்லையும் இல்லை என்பதற்கு இது சான்று. இராமமூர்த்தியும் அறிவு இருந்த திசை நோக்கிப் பயணமானார்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜி. எஃப். ரௌபாதம் என்னும் நரம்பறுவை வல்லுநரிடம் அவர் பயிற்சி பெற்றார். ஐரோப்பிய மருத்துவ நிலையங்கள் சிலவற்றைக் கண்டார். அதன்பின் கனடாவின் மாண்ட்ரியால் நகருக்குச் சென்று வைல்டர் பென்ஃபீல்டிடம் சேர்ந்தார். பென்ஃபீல்டு 1934-இல் அங்கு நரம்பியல் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தவர். வலிப்பு நோய்க்கு மூளை அறுவை செய்வதில் உலகப் புகழ் பெற்றவர்.

பென்ஃபீல்டின் முறை வியப்புக்குரியது. தலையின் தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே அவர் மூளையைத் திறப்பார். மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. ஆகவே மெல்லிய மின்னோட்டத்தை மூளைப் பரப்பில் ஓரிடத்தில் தொடுவித்து, என்ன உணர்கிறீர்கள் என்று நோயாளியையே வினவ முடிந்தது. ஓரிடத்தில் தொட்டால் கட்டைவிரல் அசையும். மற்றோரிடத்தில் தொட்டால் பேச்சு நின்றுபோகும். பிறிதோரிடத்தில் பழைய நினைவொன்று எழும். எங்கே கத்தி படலாம், எங்கே படலாகாது என்பதை நோயாளியின் சொல்லே காட்டியது. மூளையின் நிலப்படத்தை இவ்வாறு நோயாளரின் துணைகொண்டே வரைந்த ஆசானிடம் பயின்ற இளைஞர், அப்பாடத்தை நெஞ்சில் ஏற்றுத் தாயகம் திரும்பினார்.

சென்னையில் தொடக்கம்

1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பறுவைப் பிரிவை அவர் தொடங்கினார். சென்ட்ரல் இரயில் நிலையத்தின் எதிரே இருக்கும் அம்மருத்துவமனையை ஊர்ப்புற மக்கள் பெரியாஸ்பத்திரி என்பார்கள். 2011 முதல் அது இராஜீவ் காந்தி பெயரைத் தாங்கி வருகிறது. தென்னாட்டின் ஏழை எளியவர் கடைசி நம்பிக்கையோடு வந்து சேரும் இடம் அது. அவ்விடத்தில் இத்துறை முளைத்தமையால், தலைக்காயம் பட்ட கூலித் தொழிலாளிக்கும் மூளைக்கட்டி கண்ட உழவனுக்கும் கட்டணமின்றி அம்மருத்துவம் கிட்டியது. இதன் பெருமையை எவ்வளவு போற்றினும் தகும்.

அதற்கு முந்தைய ஆண்டில், 1949-இல், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பறுவைத் துறையை நிறுவியிருந்தார். அவரும் பென்ஃபீல்டின் மாணவரே. இவ்விருவரும், பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் ஆகிய நரம்பியல் மருத்துவர் இருவரும் கூடி 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நால்வரால் தொடங்கப்பெற்ற அச்சங்கம் இன்று நாடு தழுவிய பேரமைப்பாக விளங்குகிறது. வேலூரும் சென்னையும் போட்டியிடாமல் கைகோத்தமை அக்காலப் பெரியோரின் பண்பைக் காட்டுகிறது.

தொடக்க காலத்தின் இடர்ப்பாடுகளை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூளையின் உட்பகுதியை வெட்டுமுகமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் 1971-இல்தான் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. அதற்கு முன், மூளையின் நடுவே உள்ள நீர்க்குழிகளில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, அந்நிழலைக் கொண்டே உள்ளிருப்பதை உய்த்துணர்ந்தனர். அவர் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்று நூலுக்கு, வழியெல்லாம் ஏற்றமே என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை இட்டார். அத்தலைப்பில் மிகை இல்லை எனலாம்.

இலக்கு நோக்கிய அறுவை

நடுக்கத்தை ஆளும் மூளைப் பகுதிகள் மேற்பரப்பில் இல்லை; மிக ஆழத்தில் உள்ளன. அவற்றை அடைய மூளையைப் பிளந்து செல்வது ஆபத்து. 1947-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகல், வைசிஸ் என்னும் இருவர் இதற்கு ஒரு வழி கண்டனர். தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீட்டர் அளவில் கணக்கிட்டு, மண்டையோட்டின் சிறு துளை வழியே மெல்லிய ஊசியை இலக்கில் கொண்டு நிறுத்துவது அம்முறை. ஸ்டீரியோடாக்டிக் அறுவை என்பது அதன் பெயர். இலக்கை அடைந்ததும் அவ்விடத்தில் பட்டாணி அளவிலான திசுவை வெப்பத்தால் செயலிழக்கச் செய்வர். நடுக்கத்துக்குத் தாலமஸ் என்னும் பகுதியும், விறைப்புக்குப் பாலிடம் என்னும் பகுதியும் இலக்காயின.

இராமமூர்த்தியின் தலைமையில் சென்னை இக்கலையின் பெயர்பெற்ற நிலையமாக வளர்ந்தது. டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், எடின்பரோவில் கில்லிங்காமிடம் பயின்று வந்த டாக்டர் எஸ். கல்யாணராமன், டாக்டர் டி. எஸ். கனகா ஆகியோர் அக்குழுவின் தூண்கள். 1960-களிலும் 1970-களிலும் நூற்றுக்கணக்கான நோயாளர் இம்முறையில் அங்கு மருத்துவம் பெற்றனர். அவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் உலக நரம்பறுவை இதழ்களில் இடம்பெற்றன.

இவ்வறுவையின்போது நோயாளி விழித்திருப்பார் என்பதையே நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம். இலக்கைச் சுட்டு அழிப்பதற்கு முன், ஊசியின் முனை வழியே சிறு மின்னோட்டம் செலுத்திச் சோதிப்பர். ஊசி சற்றே பக்கவாட்டில் விலகியிருந்தால் முகமோ கையோ இழுத்துக்கொள்ளும். சற்றே பின்னோக்கி இருந்தால் கையில் ஏதோ ஊர்வது போலத் தோன்றும். சரியான இடத்தில் இருந்தால் நடுக்கம் குறையும். கையை நீட்டுங்கள், விரலை மடக்குங்கள், எண்களைச் சொல்லுங்கள், என்ன தோன்றுகிறது என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கு நோயாளி சொல்லும் விடையைக் கொண்டே அடுத்த மில்லிமீட்டர் முடிவாகும்.

அந்த விடை எம்மொழியில் வரும்? சிற்றூரிலிருந்து வந்தவர் தம் தாய்மொழியில்தானே சொல்வார்! மரத்துப் போகிறது, மதமதப்பாக இருக்கிறது, குறுகுறுக்கிறது, எறும்பு ஊர்கிறது, சுரீரென்கிறது, இழுக்கிறது, கனக்கிறது என உடலுணர்வைப் பிரித்துச் சொல்லும் வளம் தமிழுக்கு உண்டு. இவற்றின் வேறுபாடு அறியாத மருத்துவர் ஊசியின் இடத்தைத் தவறாகக் கணிக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இவை அனைத்தையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்த்துவிட்டாலும் அதே இடர் நேரும். ஆதலின் அறுவை அரங்கில் தாய்மொழி ஒரு கருவியாகவே நின்று பயன் தருகிறது. மொழித்துறை மலரில் இவ்வரலாற்றுக்கு இடம் உண்டு என்று நாம் துணிந்தது இதனாலேயே.

மருந்தின் வருகை

1960-களின் இறுதியில் லெவோடோபா என்னும் மருந்து பயனுக்கு வந்தது. குறைந்துபோன டோபமைனை அது ஈடு செய்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். உலகெங்கும் நடுக்குவாத அறுவைகள் வெகுவாகக் குறைந்தன. இம்மருந்துப் பொருள் பூனைக்காலி வித்தில் இயற்கையாகவே உள்ளது. 1937-இல் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. அஃது இந்நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று எவர்க்கும் தெரியாது. தேடலின் பயன் உடனே தெரிவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மருந்தின் குறைகளும் வெளிப்பட்டன. சிலருக்கு மருந்தின் ஆற்றல் மணிக்கணக்கில் ஏறி இறங்கியது. சிலருக்கு உடல் தானே நெளியும் வேண்டா அசைவுகள் தோன்றின. மருந்து கைவிட்ட இடத்தில் அறுவை மீண்டும் நினைவுக்கு வந்தது. ஆனால் அறுவையிலும் ஒரு பெருங்குறை இருந்தது. சுட்டழித்த திசு மீளாது. இருபுறமும் சுட்டால் பலருக்குப் பேச்சுக் குழறியது. கை நடுக்கம் நீங்கிச் சொல் குழறினால் அதை நலம் என்று எவ்வாறு கொள்வது?

சோதனையே மருந்தானது

விடை ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. சுடுவதற்கு முன் சோதனைக்காகச் செலுத்திய அந்த மின்னோட்டமே அவ்விடை. விரைந்து துடிக்கும் மின்னோட்டம் பாயும் வரை நடுக்கம் தணிகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. அப்படியாயின் திசுவை அழிக்காமல், மின்முனையை உள்ளேயே நிலையாக வைத்து, வேண்டும்போது மின்னோட்டம் தரலாமே!

இவ்வெண்ணம் பல நாடுகளில் மெல்ல மெல்ல உருவாயிற்று. சென்னையில் அதை முன்னெடுத்தவர் இராமமூர்த்தியின் மாணவியாகிய டாக்டர் கனகா. 1932-இல் பிறந்த இவர், சீனப் போர்க்காலத்தில் இராணுவ மருத்துவராகத் தொண்டாற்றியவர். 1968-இல் நரம்பறுவையில் உயர்பட்டம் பெற்றார். ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவர்களுள் ஒருவராக இவரைக் கொண்டாடுகின்றனர். 1975-இல் மூளையின் ஆழத்தில் மின்முனைகளை நிலையாகப் பொருத்தும் மருத்துவத்தை இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். பெண்கள் அறுவைத் துறைக்கு வருவதே அரிதாயிருந்த காலத்தில், மாணவியின் திறனுக்கு இடங்கொடுத்து வளர்த்தது அத்துறை. கனகா நூற்றுக்கும் மேற்பட்ட முறை குருதிக் கொடை அளித்தவர். ஓய்வுக்குப் பின் குரோம்பேட்டையில் எளியோர்க்கென மருத்துவ அறக்கட்டளை ஒன்றை நடத்தினார். 2018-இல் அவர் மறைந்தார். நம் கல்லூரி மாணவியர் இவர் வாழ்வைத் தனியே படித்தறிதல் நலம்.

1987-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பேராசிரியர் பெனபிட், இலக்கைச் சுடுமுன் செய்த சோதனை மின்னோட்டம் நடுக்கத்தை அடக்குவதைக் கண்டு, அதையே நிலையான மருத்துவமாக வளர்த்தார். 1990-களில் அவர் குழுவினர் தாலமசுக்குக் கீழுள்ள ஒரு சிறு பகுதியைத் தூண்டி, நடுக்கத்தோடு விறைப்பையும் மந்தத்தையும் தணித்தனர். ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் அம்முறை உலகெங்கும் பரவியது. மூளையில் வைத்த மின்முனையிலிருந்து தோலின் அடியில் ஒரு மெல்லிய கம்பி இறங்கும். காறையெலும்பின் கீழ்ப் பதித்த மின்கலப் பெட்டியோடு அது இணையும். நொடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகளாக மின்னோட்டம் பாயும். வெளியிலிருந்தே அதைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். நோயை இது வேரறுப்பதில்லை. நோய் வளர்வதைத் தடுப்பதும் இல்லை. ஆயினும் தக்க நோயாளரைத் தேர்ந்து செய்தால், இழந்த பல ஆண்டுகளின் இயக்கத்தை மீட்டுத் தருகிறது. இன்று சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் முதலிய நகரங்களில் இது நடைபெறுகிறது.

நிழலும் ஒன்று உண்டு

பெரியோரின் வாழ்வை எழுதுங்கால் புகழை மட்டும் அடுக்குவது முறையன்று. கையாளும் கருவி கூர்மையாக இருந்தபோது, அதைப் பயன்படுத்தும் எல்லையும் விரிந்தது. அடங்காச் சினமும் தன்னைத்தானே காயப்படுத்தும் போக்கும் உடையோர்க்கு, சிறுவர் உட்பட, அமைதியூட்டும் நோக்கில் மூளையின் ஆழ்பகுதிகளைச் சுடும் அறுவைகளையும் சென்னைக் குழுவினர் செய்தனர். அக்காலத்தில் பிற நாடுகளிலும் இத்தகையவை நடந்தன. செய்தவர்கள் குடும்பங்களின் துயரைக் கண்டு இரங்கியே செய்தனர் எனினும், தன் ஒப்புதலைத் தெளிவாகச் சொல்ல இயலாதவரின் மூளையில், மீளாத மாற்றத்தைச் செய்யலாமா என்னும் வினா எழுந்தது. இன்று மருத்துவ உலகம் அவ்வழியை ஐயத்தோடு நோக்குகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் தெளிந்த ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் இன்றி மனநோய்க்கு மூளை அறுவை செய்தலாகாது என விதித்துள்ளது.

நடுக்குவாத அறுவையில் நோயாளி விழித்திருந்தார், பேசினார், வேண்டாம் எனவும் சொல்ல முடிந்தது. மற்றையதில் அக்குரல் இல்லை. ஒரே ஊசி, ஒரே அரங்கு. வேறுபாடு நோயாளியின் சொல்லில்தான் இருந்தது. இப்பாடத்தை நாம் மறத்தலாகாது.

பணியும் மறைவும்

இராமமூர்த்திக்கு 1973-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. அவருடைய முயற்சியால் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து நரம்பியல் நிறுவனம் அமைந்து, பல தலைமுறை மருத்துவர்களைப் பயிற்றுவித்தது. டாக்டர் பி. என். டாண்டனுடன் இணைந்து அவர் பதிப்பித்த நரம்பறுவைப் பாடநூல் 1980-இல் வெளிவந்து, இந்திய மாணவர்க்கு இந்திய நோயாளரின் அனுபவத்தைக் கொண்டே பாடம் சொன்னது.

அரசுப் பணி முடிந்த பின்னும் அவர் ஓய்ந்திலர். டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் தோற்றுவித்த தன்னார்வச் சுகாதாரச் சேவை மருத்துவமனை, வருவாய்க்கேற்பக் கட்டணம் என்னும் கொள்கையுடையது. அங்கு டாக்டர் ஏ. இலட்சுமிபதி பெயரால் அமைந்த நரம்பறுவை மையத்தை அவர் உருவாக்கினார். வசதியுள்ளோர்க்கு மட்டும் உரியதாக மூளை மருத்துவம் ஆகிவிடலாகாது என்னும் அக்கறை அவர் தேர்ந்த இடங்களிலெல்லாம் தெரிகிறது. முதிய வயதில் யோகம், நனவுநிலை ஆகியவற்றுக்கும் மூளைக்கும் உள்ள உறவை ஆராய்வதில் ஈடுபாடு காட்டினார். துணைவியார் இந்திரா மகப்பேறு மருத்துவர். மகன் இரவி இராமமூர்த்தியும் தந்தை வழியில் நரம்பறுவை மருத்துவரானார். 2003 டிசம்பர் 13-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

நமக்குரிய கடமை

அவர் அரசு மருத்துவமனையில் விதைத்த கலை இன்று பல இலட்சம் ரூபாய் செலவாகும் மருத்துவமாக வளர்ந்துள்ளது. மின்முனையும் மின்கலமும் விலைமிக்கவை. பெரியாஸ்பத்திரியின் படுக்கையில் தொடங்கிய ஒன்று ஏழையின் கைக்கு எட்டாமல் போவது முறையோ என்று சமுதாயப் பெரியோர் சிந்தித்தல் வேண்டும். இம்மருத்துவம் எல்லார்க்கும் தேவைப்படுவதன்று. பெரும்பாலோர்க்கு மருந்தும் பயிற்சியும் பல ஆண்டுகள் துணைநிற்கும். தேவைப்படுவோர்க்கு உதவ ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் முன்வருமாயின் அது நிலைத்த தருமமாகும்.

மாணவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது எளியது. உங்கள் தெருவில் கை நடுங்கும் முதியவர் ஒருவர் இருப்பார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்னும் நிலை முன்போல் இல்லை. மருத்துவரிடம் அவருக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள், அவரே மெல்லப் பேசட்டும், நீங்கள் காத்திருங்கள். குரல் தாழ்ந்தும் சொல் தயங்கியும் வரும். ஆயினும் அச்சொல்லில்தான் நோயின் அடையாளம் இருக்கிறது.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் ஒரு பணி உண்டு. வலிக்கும் உணர்வுக்கும் நம் மக்கள் வழங்கும் சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. மீன்சுருட்டியில் வழங்கும் சொல் மதுரையில் வேறாகலாம். இவற்றைத் தொகுத்துப் பொருள் வரையறுத்து இளம் மருத்துவர் கையில் தந்தால், அது வெறும் அகராதிப் பணியாக நில்லாது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே இடும் பாலமாகும். மூளையைத் தொடும் முன் நோயாளியின் சொல்லைக் கேட்ட அம்மேதைக்கு, மொழி பயிலும் நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.